சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய மின்முனை: பீக் ஏறியது குழியாலா, கிராபீனாலா?

மின்முனைவாசி:
பாராசிட்டமாலை அளக்க ஒரு சென்சார் செய்கிறேன். கிளாசி கார்பன் மின்முனையில் கிராபீனும் (மெல்லிய கார்பன் தாள்) பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினும் (குளுக்கோஸ் அலகுகள் வளையமாகச் சேர்ந்து நடுவில் குழியுள்ள மூலக்கூறு) கலந்த கரைசலைச் சொட்டு வைத்துக் காயவிட்டேன். வெறும் மின்முனையைவிட பீக், அதாவது மருந்து ஆக்சிஜனேற்றமாகும்போது வரும் மின்னோட்ட உச்சம், நன்றாகவே ஏறுகிறது. ஆனால் மருந்து மூலக்கூறு குழிக்குள் போய் உட்கார்ந்ததால்தான் ஏறியது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்கிறார் வழிகாட்டி. போதாக்குறைக்கு ஸ்கேன் (மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே அளப்பது) போகப்போக பீக் இறங்கிக்கொண்டே வருகிறது. என்ன செய்யலாம்?

கரிச்சட்டி:
கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார், பலர் இதைக் கண்டுகொள்ளாமல் கட்டுரை எழுதிவிடுகிறார்கள். வெறும் மின்முனையோடு ஒப்பிட்டு ஒன்றும் தெரியாது, கிராபீன் மட்டும் பூசியதோடு ஒப்பிடுங்கள். அப்புறம் கரைசலில் கொஞ்சம் அடமன்டேன் கார்பாக்சிலேட் (கூண்டு வடிவ மூலக்கூறு) சேருங்கள். பீட்டாவில் 7 குளுக்கோஸ் அலகுகள், குழியின் விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர், அடமன்டேன் அதில் கச்சிதமாகப் பொருந்தி பாராசிட்டமாலைவிடப் பல மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், நீங்கள் அளக்கிற மின்னழுத்தத்தில் தனக்கென்று பீக்கும் தராது. அதைச் சேர்த்ததும் உங்கள் பீக் விழுந்தால் குழிக்குப் பங்கு இருக்கிறது. அசையவே இல்லையென்றால் பாராட்டெல்லாம் கிராபீனுக்குத்தான்!

பஃபர்_7:
பீக் இறங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 18 கிராம் கரையும், சும்மா காயவிட்ட பூச்சு பஃபரில் (பிஹெச் மாறாமல் வைக்கும் கரைசல்) கழுவிக்கொண்டு போவதில் ஆச்சரியமில்லை. இல்லையென்றால் பாராசிட்டமால் ஆக்சிஜனேற்றமாகி வரும் குயினோன் இமினும் அதன் மிச்சங்களும் பரப்பில் படிந்து அடைக்கலாம். மருந்தில்லாத பஃபரில் மின்முனையை ஸ்கேன் இல்லாமல் அரை மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கினால் கரைந்து போகிறது, சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் பாலிமராக்கிப் பூசுங்கள், அல்லது அதில் தயோல் (தங்கத்தோடு ஒட்டும் கந்தகத் தொகுதி) இணைத்துத் தங்க மின்முனையில் கட்டுங்கள்.

மின்முனைவாசி:
சரி, இரண்டையும் செய்கிறேன். அடுத்து சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) அளக்கவும் எண்ணம், குழி இருப்பதால் குறுக்கீடு வராதுதானே?

கரிச்சட்டி:
வரும். அது பாராசிட்டமாலுக்கென்றே வார்த்த குழி இல்லை, அளவான பென்சீன் வளையம் எதுவானாலும் நுழைந்து பார்க்கும், சீரத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலும் இடம் பிடிக்கும். அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் பிஹெச் 7-இல் எதிர்மின் சுமையோடு இருக்கும், பாராசிட்டமாலுக்குச் சுமை இல்லை, அதனால் மேலே எதிர்மின் சுமையுள்ள நாஃபியான் பாலிமரில் மெல்லிய படலம் போட்டால் அவை இரண்டையும் தள்ளி வைக்கலாம். பஃபரில் போட்ட அளவுத்திருத்தக் கோட்டைச் சீரத்துக்கு நம்பாதீர்கள், அதே சீரத்தில் தெரிந்த அளவு மருந்தைப் படிப்படியாகச் சேர்த்து அளங்கள்.