மாணவர் கப்பலில் வந்தவர்கள் மலைக்கு ஏறியபோது: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

கொட்டகலைக்காரன்

கொழும்புத் துறைமுகத்தில், நாடு நாடாகப் போய்க்கொண்டே படிக்கும் மாணவர் கப்பல் நின்றால் அதிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் நம் மலையகப் பக்கம் ஏறி வருவது உங்களுக்குத் தெரியும். பேராதனைப் பூங்கா, தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலை, தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயம், ஓர் இரவு, மறுநாள் இறக்கம். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பகலை விடுங்கள், இரவைச் சொல்கிறேன்.

பழைய துரை பங்களாவில் தங்கியிருந்தோம். கீழே லயம், இடையில் கவ்வாத்து வெட்டிய மலை. செடியெல்லாம் மொட்டைக் கட்டையாக நின்றதால் முயல் ஓடினாலும் மேலிருந்து தெரியும். சாப்பாடு முடிந்த நேரம். லயத்து நாய்கள் சேர்ந்து குரைத்தன. பிறகு ஒரே ஒரு நாயின் அலறல், அதுவும் பாதியில் நின்றது. கீழே யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

மாணவர்கள் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். ஒருவனிடம் பெரிய டோர்ச் இருந்தது. அடித்தான். கட்டைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கண்கள் எங்களைப் பார்த்தன. வாயில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. சிறுத்தை அவசரப்படவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்க் கான் ஓரமாக ஏறிப் போனது. முற்றத்தில் ஒரே கைதட்டல். ஒரு பெண் ஆனந்தத்தில் அழுதேவிட்டாள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யால தேசியப் பூங்காவில் ஜீப்புக்குக் காசு கட்டிச் சுற்றியும் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்!

அதே வெளிச்சத்தின் ஓரத்தில் லயத்துப் பையன் ஒருவன் நின்றான். கையில் வெறும் சங்கிலி. “டைகர்! டைகர்!” என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான். அது அவன் நாயின் பெயர். மேலே நின்றவர்கள் அவனுக்குக் கையசைத்துவிட்டுத் தாங்களும் “டைகர்! டைகர்!” என்று கத்தினார்கள். விவரம் தெரிந்த ஒருவன், “டைகர் இல்லை, லெப்பர்ட்” என்று அவனைத் திருத்தினான்.

காலையில் பஸ் புறப்படும் நேரத்தில் பையன் என்னிடம் வந்தான். “அந்த வீடியோவை ஒரு தடவை காட்டச் சொல்கிறீர்களா, மாமா?” என்றான். எல்லோரும் ஏறியாகிவிட்டது. சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

நானுஓயா வேன்

அண்ணன், அந்தச் சாரதி இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியிருப்பேன். ஒரு பையனுக்கு வீடியோ காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு எல்லாமே வேடிக்கை.

ஹோட்டன் சமவெளிக்கு நான் வாரா வாரம் ஓடுகிறேன். விடிவதற்கு முன் பட்டிப்பொலை ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் உலக முடிவு என்ற மலை விளிம்பில் மூடுபனியைத்தான் பார்க்கலாம். ஏறக்குறைய 870 மீட்டர் பள்ளம், அத்தனையும் வெள்ளை. அங்கே நடைபாதை தொடங்கும் இடத்தில் பொலித்தீன் இருக்கிறதா என்று பையைத் திறந்து சோதிப்பார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய தாளைக்கூட உரித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஆனால் வாகனம் நிறுத்தும் இடம் அந்தச் சோதனைக்கு முன்னால் அல்லவா இருக்கிறது? கொம்பு முளைத்த மரை மான் ஒன்று அங்கேயே நின்று ஆட்களிடம் வாங்கித் தின்னும். கப்பல் மாணவன் ஒருவன் பாணை நீட்டினான். மரை பாணோடு பையையும் கவ்விக்கொண்டது. அவன் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, கூட வந்தவர்கள் சிரித்துப் படம் பிடித்தார்கள். பை கிழிந்து பாதி மரையின் வாய்க்குள் போய்விட்டது. மென்றுகொண்டே என் வேன் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றது. வாயோரம் நீல நிறத் துண்டு. இறங்கிப் போய் அதை இழுத்தெடுக்க எனக்குத் துணிவு வரவில்லை; அந்தக் கொம்பைப் பார்த்தால் உங்களுக்கும் வராது.

இழுத்தவன் என்ன படிக்கிறான் என்று பிறகு கேட்டேன். உயிரியலாம்.

பினாங்குப் பெண்

வேன் அண்ணனுக்கு: எல்லோரையும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். அப்படியொரு கப்பலில் நானும் வந்திருக்கிறேன். மலேசியத் தமிழச்சி. கைதட்டியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைப்பதும் சரியில்லை. கொழும்பை அடையுமுன் கப்பலிலேயே வகுப்பு நடக்கும். இலங்கையில் சிங்கமோ வேங்கையோ இல்லை, காட்டின் உச்சியில் இருப்பது சிறுத்தைதான் என்று படித்துவிட்டுத்தான் இறங்குகிறோம். தோட்டங்களைப் பற்றி எங்களுக்குக் கிடைத்தது, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார் என்ற ஒரு வரி. பறித்தவர்கள் யார் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. படித்ததைக் கண்டதும் கைதட்டினார்கள், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. மாசி மாதம், ஹட்டன் பக்கத்து ஒரு தோட்டம். மன்மதனைச் சிவன் எரிக்கும் காமன் கூத்து நடந்த இரவு. காமனை எரித்தாயிற்று, ரதி புலம்பிக்கொண்டு வருகிறாள். ரதி வேடம் கட்டியவர் விரதமிருந்த ஆண். மீசையை மழித்துப் புடவை கட்டியிருந்தார். தப்புப் பறை நிற்காமல் அடிக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் படம் எடுக்க அவர் தோளில் கை போட்டான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. கண்ணீர் வழிய, பாட்டை விடாமல், அந்தக் கையையும் இழுத்துக்கொண்டு நடந்தார். கிழவி ஒருத்தி வந்து அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, கோபமே இல்லாமல் அவன் நெற்றியில் திருநீறு பூசினாள்.

அவர் பாடிய ஒப்பாரியில் பாதி எனக்குத் தெரியும். என் தாத்தா இறந்தபோது அப்பாயி பாடியது. கொள்ளுத்தாத்தா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். இந்த ரதியின் முன்னோர் அதே சீமையிலிருந்து தேயிலைக்கு நடந்து வந்தவர்களாக இருக்கலாம். பக்கத்தில் நின்ற தோழி, குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “இது நாடகமா, பூசையா?” என்று கேட்டாள். நான் எதுவுமே சொல்லவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

கொட்டகலைக்காரன்

சாரதியைத் திட்டாதீர்கள். கப்பல் அன்று மாலையே புறப்பட இருந்தது. தங்கச்சி, பையன் சிறுத்தையைப் பார்க்க வீடியோ கேட்கவில்லை. அந்த நாயை அதுவரை யாரும் படம் எடுத்ததில்லையாம்.

ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை

கைதட்டியதற்கே இவ்வளவு கோபமா? முன்பு வந்த வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒருவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

என் அனுபவம் சின்னது. கப்பல் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போனேன். ஒரு பெண்ணின் காலில் அட்டை ஏறி, கத்தின கத்தில் கொழுந்து எடுத்த பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். அவர்கள் காலில் ஆளுக்கு நாலைந்து தொங்கியதை அந்தப் பெண் அப்போதுதான் பார்த்தாள்.

அதனால் கூட்டிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்து விட்ட நேரத்தில் புல் மேல் நடத்தாதீர்கள், பாதை நடுவில் நடத்துங்கள். சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துக் காலில் காயவிட வேண்டும். முழங்கால் வரை துணிக் காலுறை போட்டுக் காற்சட்டையை அதற்குள் செருக வேண்டும். நிற்கவே கூடாது, நின்றால் ஏறும். வரிசையில் முதலில் போகிறவனைவிடப் பின்னால் வருகிறவனுக்குத்தான் அதிகம் ஏறும், ஆகவே பயந்தவர்களை முன்னால் விடுங்கள். ஏறினால் உப்பு வையுங்கள். கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வரும், இரத்தத்தை உறைய விடாத ஒன்றை அது எச்சிலோடு விடுகிறது, பயப்பட வேண்டாம்.

சிறுத்தைக்கும் சொல்கிறேன். நாயைச் சங்கிலியில் வெளியே கட்டினால் அது தப்பியோடவும் வழியில்லை, இரவில் உள்ளே அடையுங்கள். லயத்துக்குப் பின்னால் குப்பை கொட்டாதீர்கள். குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். பன்றிக்கு என்று சுருக்குக் கம்பி வைக்கிறவர்களை ஊரே தடுக்க வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அது வந்தது பன்றிக்கு வைத்த கம்பிக்கு.

மஸ்கெலியா வாத்தியார்

கணக்குப்பிள்ளை ஐயா, உப்பு வைத்தால் கடித்த இடம் எரியும். நகத்தால் ஓரமாகத் தள்ளினாலே அட்டை விழுந்துவிடும், எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். தவிர, அட்டையால் யாரும் சாவதில்லை. குளவியால் சாகிறார்கள். பத்திரிகையில் “குளவிக் கொட்டுக்கு இலக்காகி” என்று வராத மாதம் உண்டா? அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

மாணவர்களோடு மலையில் நின்றோம். கப்பலில் வந்த ஒருவன் ட்ரோனைப் பறக்கவிட்டான். அனுமதி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மலை நடுவில் பெரிய டர்பன்டைன் மரம். அதில் தொங்கிய கூடு எங்கள் கண்ணில் படவில்லை, ட்ரோன் அதன் பக்கத்தில் போயிருக்கிறது. முதலில் ஓர் இரைச்சல், பஸ் மேடு ஏறுவது போல. கங்காணி “படு!” என்று கத்தினார்.

பெண்கள் அனைவரும் கூடையைக் கழற்றிப் போட்டுச் செடிக்கு அடியில் கவிழ்ந்தார்கள். மாணவி ஒருத்தி மட்டும் நின்ற இடத்திலேயே தலையைச் சுற்றிக் கையை வீசிக்கொண்டிருந்தாள். அடுத்த நிரையில் கவிழ்ந்திருந்த பெண், நாற்பது வயதிருக்கும், எழுந்து ஓடிவந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து அவள் தலையில் போட்டு, கீழே தள்ளி, மேலே படுத்துக்கொண்டாள். நான் இரண்டு நிரை தள்ளிக் கிடந்தேன். அவள் முதுகில் கறுப்பாக அசைந்ததை அங்கிருந்தே பார்த்தேன். எழுந்து போகவில்லை. போயிருந்தால் எனக்கும் சேர்த்துக் கொட்டியிருக்கும் என்பது வைத்தியர் சொன்னது, எனக்கு அது போதவில்லை.

வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறிதான் இருந்தது. கொடுக்குகள் தோலிலேயே நின்றன. தோட்டத்தில் எல்லாவற்றையும் குளவி என்றாலும், கொடுக்கை விட்டுச் செல்வது கொம்பில் பலகையாகக் கூடு கட்டும் பெருந்தேனீ. உடனே வழித்தெடுக்க வேண்டும், எடுக்கும் முறையைவிட வேகம் முக்கியம். வாந்தியும் மயக்கமுமாக இருந்தாள், பிழைத்துக்கொண்டாள். அந்த மாணவி கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையை விடவே இல்லை. விசாரித்ததில், காப்பாற்றிய பெண்ணுக்கு அன்று அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், போட்டார்களாம். கொழுந்து நிறை போதவில்லையாம்.

நானுஓயா வேன்

அரைப் பேரா? எந்தத் தோட்டம் என்று சொல்லுங்கள் ஐயா.

மஸ்கெலியா வாத்தியார்

இங்கே சொல்ல மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

பண்டாரவளை

உங்கள் கதைகளுக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு மாணவிகள் ஓர் இரவு தங்கினார்கள். ஒருத்திக்குக் குரங்கினம் பற்றித்தான் படிப்பு. ஹோட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்துவிட்டது என்று எண்ணியிருந்தார்கள், 2010இல் அதன் படங்கள் வெளிவந்து உலகச் செய்தியானது என்பதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். நடு இரவில் பின்பக்கத்து மரத்தில் ஒன்று விசில் அடித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அப்பத்தா அதைவிட வேகமாக அடுப்படிக்கு ஓடி, தீயில் உப்பை அள்ளிப் போட்டாள். தேவாங்கு கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் கணக்கு. உப்பு படபடவென்று வெடித்த சத்தத்தில் மரத்திலிருந்தது வாயை மூடிக்கொண்டது.

மாணவிக்கு அழுகை வராத குறை. அது தன் சோடியைக் கூப்பிடுகிறது, யாருக்கும் கெடுதல் இல்லை என்று அப்பத்தாவிடம் விளக்கச் சொன்னாள். விளக்கினேன். அப்பத்தா பொறுமையாகக் கேட்டாள்.

“சோடி தேடுகிறது என்றால் தேடட்டும், மகளே. அதற்கு என் வீட்டுக் கூரைதானா கிடைத்தது?”