லேசருக்குத் தமிழில் என்ன எழுத? வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

சம்மாந்துறையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். நெற்செய்கையாளருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். லேசர் கொண்டு வயலை மட்டப்படுத்துவது பற்றியது. வரம்போரம் முக்காலியில் ஒரு கருவி சுழன்றபடி ஒளியை வீசும். உழவு இயந்திரம் இழுக்கும் மண்வாளியின் கம்பத்திலுள்ள உணரி அதைப் பிடித்து, வாளியைத் தானாகவே ஏற்றி இறக்கும். மேடு பள்ளம் ஓரிரு சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும், தண்ணீர் எங்கும் ஒரே ஆழத்தில் நிற்கும். லேசருக்குச் சீரொளி என்று எழுதி, வயற்சொந்தக்காரரான போடியார் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். "நல்ல வெளிச்சமா தம்பி?" என்று கேட்டார்.

மட்டக்களப்பிலிருந்து:
சீரொளியைக் கைவிட வேண்டாம் தம்பி. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன் சொல்கிறேன். சாதாரண விளக்கில் ஒவ்வொரு அணுவும் தன்பாட்டில் ஒளியை விடும். லேசரில் ஓர் ஒளித்துகள் அடுத்த அணுவைத் தூண்ட, அதுவும் அதே அலைநீளத்தில், அதே திசையில், அடி பிசகாமல் இன்னொன்றைக் காலுகிறது. இந்தத் தூண்டலை ஐன்ஸ்டைன் 1917இல் சொன்னார். மெய்மன் 1960 மே 16இல் மாணிக்கக் கல்லை வைத்துச் செய்து காட்டினார். வடமோடிக் கூத்துக் களரியை நினையுங்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு எல்லாக் கால்களும் ஒன்றாக விழுகின்றன. யாப்பிலும் தாளத்திலும் சீர் என்பது அதுதானே!

கல்முனையிலிருந்து:
சேர், விளக்கம் அழகு. ஆனால் வயல் வட்டையில் நிற்பவருக்கு யாப்பு எதற்கு? 'இலேசர்' போதும். லகரத்துக்கு முன் இகரம் வரலாம் என்று நன்னூலே இடம் தருகிறது. இலாபம், இலட்சம் போல. காதுக்கு 'இலேசு' என்றும் கேட்கும். வேலையும் இலேசாகத்தானே ஆகிறது.

காரைதீவிலிருந்து:
அக்கா, அந்த இலேசே வடமொழி லேசத்திலிருந்து வந்தது. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்தர் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், ஒலிபெயர்ப்போடு நிறுத்த மனம் வரவில்லை. 'ஒத்தொளி' என்றால் என்ன? ஒத்துப்போகும் ஒளி. நாதசுரத்துக்குச் சுருதி பிடிப்பதும் ஒத்துத்தான்.

கல்முனையிலிருந்து:
நாதசுரம் வரை போய்விட்டோம் தம்பி. நாளை வியாழன்.

மட்டக்களப்பிலிருந்து:
ஒத்தொளி நல்ல சொல். ஆனால் சீரொளி ஏற்கெனவே புழங்குகிறது, அதை ஏன் குழப்ப வேண்டும்? இது வயலோடு நிற்கிற கருவியுமல்ல, நாளைய பிள்ளைகளின் கருவி. 1969இல் நிலவில் வைத்த கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் லேசரைக் கொண்டுதான், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகுவதை அளந்தார்கள். 2022 டிசெம்பர் 5இல் கலிபோர்னியாவில் 192 லேசர் கதிர்கள் 2.05 மெகாயூல் ஆற்றலைச் செலுத்த, அணுக்கரு இணைவில் 3.15 மெகாயூல் வெளிவந்தது. லேசர்களை இயக்க இழுத்த மின்சாரம் அதைவிடப் பல மடங்கு, உண்மைதான். இருந்தாலும் வழி திறந்துவிட்டது. இவ்வளவையும் தாங்கும் பெயரில் பொருள் இருக்க வேண்டாமா? ஆங்கிலத்தில்கூட லேசர் என்பது ஒரு நீண்ட தொடரின் முதலெழுத்துகள்தான். அதைக் கேட்கிற பிள்ளைக்கு எதுவும் விளங்காது.

சம்மாந்துறையிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. ஏழு பேர் இலேசர், மூவர் சீரொளி, ஒருவர் ஒத்தொளி. கையேட்டில் இலேசர் என்றே போடுகிறேன். முதற்பக்கத்தில் ஒருமுறை 'சீரொளி எனவும் வழங்கும்' என்று சேர்த்திருக்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து:
சரி தம்பி, அச்சுக்குக் கொடுங்கள். நான் வகுப்பில் சீரொளி என்றுதான் சொல்வேன்.

காரைதீவிலிருந்து:
ஒத்தொளியையும் முதற்பக்கத்தில் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறதா?