தெர்மோஸ்டாட் 32இல் இருக்க, கெக்கோ பெட்டியின் தரை 41 காட்டுகிறது: கோளாறு எங்கே?

கேள்வி:
வணக்கம். ரொறன்ரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இரண்டு வயது லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லி ஒன்றை வளர்க்கிறேன். மூன்றடி நீளக் கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்க அடியில் 16 வாட் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு) ஒட்டியிருக்கிறது. உள்ளே அதற்கு நேர் மேலே தரை ஓடும், ஓட்டின்மேல் ஒரு சிறு குகையும் இருக்கின்றன. வைத்த வெப்பத்தை எட்டியதும் மேட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டை (குமிழைத் திருகி வெப்பம் வைக்கும் வகை, திரை இல்லை) 32 பாகை செல்சியஸில் வைத்திருக்கிறேன். ஆறு நாட்களாகக் கெக்கோ சூடான பக்கம் போகாமல் தண்ணீர்ச் சட்டியை ஒட்டியே கிடக்கிறது, புழுவையும் தொடவில்லை. அறை குளிர்வதால்தான் என்று எண்ணி முதலில் குமிழைக் கூட்டினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிறகு பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, நேற்று துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி ஓட்டில் காட்டியபோது 41 என்றது. தெர்மோஸ்டாட்டின் சிவப்பு விளக்கோ ஒழுங்காக எரிந்து அணைகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
முதலில் மேட்டின் சொருகியைக் கழற்றிவிடுங்கள். அறை 20 பாகைக்கு மேல் இருந்தால் நலமான கெக்கோ ஓரிரு நாள் சூடில்லாமல் தாங்கும், 41 பாகை ஓட்டில் படுத்தால் வயிறு வெந்துவிடும். வயிற்றுத் தோலில் சிவப்போ கொப்புளமோ இருந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்து, தெர்மோஸ்டாட்டுக்காக வெப்பத்தை அளக்கும் சென்சார் வயரின் நுனி எங்கே இருக்கிறது? கண்ணாடியில் ரப்பர்க் கிண்ணத்தால் ஒட்டித் தொங்கவிட்டிருந்தால் அது காற்றைத்தான் அளக்கும். காற்று ஓட்டைவிடப் பல பாகை குளிர்ந்திருப்பதால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தாது. நுனி ஓட்டையொட்டி, மேட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஆனால் பெட்டிக்குள் ஒட்டுநாடா வேண்டாம், அது கெக்கோவின் தோலைப் பிய்த்துவிடும்.

கேட்டவர்:
வயிறு நன்றாக இருக்கிறது. நீங்கள் சொன்னதுபோலவே ரப்பர்க் கிண்ணம் கழன்று, சென்சார் நுனி குகைக்குப் பின்னால் ஈரப் பாசிக்குள் கிடந்தது. கெக்கோவை வேறு பெட்டிக்கு மாற்றி, நுனியை ஓட்டோடு பொருத்தி, மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: இன்னமும் 40.

பதில் 2:
அப்படியானால் தெர்மோஸ்டாட்டின் உள்ளே மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயைச் சந்தேகியுங்கள். பல கருவிகளில் சிவப்பு விளக்கு, நிறுத்தச் சொன்னதைத்தான் காட்டும், மின்சாரம் நின்றதைக் காட்டாது. மேட்டுக்குப் பதிலாக ஒரு மேசை விளக்கைத் தெர்மோஸ்டாட்டில் சொருகி, சென்சார் நுனியை வெதுவெதுப்பான நீரில் விட்டு, குமிழை 25க்கு இறக்குங்கள். விளக்கு அணையாவிட்டால் ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

கேட்டவர்:
சிவப்பு விளக்கு அணைந்தது, மேசை விளக்கு அணையவில்லை! கருவியை விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் ‘டிக்’ என்ற சத்தத்துடன் அணைந்தது. தட்டித் தட்டிப் பயன்படுத்தலாமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம், மறுபடி ஒட்டும். ரிலே இல்லாத, துடிப்பு முறையில் மின்சாரம் விடும் வகை துல்லியமானது. ஆனால் அதுவும் பழுதானால் பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தாத நிலையிலேயே பழுதாகும். எனவே விலை உயர்ந்த ஒன்றை வாங்கி நம்பியிருப்பதைவிட, சாதாரணமான இரண்டை வாங்குவதே என் தேர்வு. முதலாவதைச் சுவரில் சொருகி 36இல் வையுங்கள். அதில் இரண்டாவதைச் சொருகி 32இல் வைத்து மேட்டை இணையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி சென்சார் இருப்பதால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது நிறுத்திவிடும். சிஎஸ்ஏ அல்லது சியூஎல் என்ற கனடிய மின்பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பதில் 3:
இரட்டைத் தெர்மோஸ்டாட் சரி. ஆனால் மேட் தரையை மட்டுமே சூடாக்கும், காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. இரவில் உங்கள் அறை 18க்குக் கீழே போனால், மேலிருந்து வெப்பம் தரும், வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர் ஒன்றும் தேவைப்படும். அதைப் பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். சிவப்பு மின்குமிழை இரவில் போடாதீர்கள். அந்த வெளிச்சம் கெக்கோவின் கண்ணுக்குத் தெரியும். சூடேறும் செயற்கைக் கற்களைக் கடையில் யார் புகழ்ந்தாலும் வாங்காதீர்கள், ஓரிடத்தில் மட்டும் கொதித்து அவை சுட்டுவிடும். 2013 டிசம்பர் பனிமழையில் எங்கள் பகுதியில் மின்சாரம் போனபோது, என் கெக்கோவைத் துணி விரித்த சிறு டப்பாவில் வைத்து மேற்சட்டைக்குள் வைத்திருந்தேன். சூடு திரும்பும்வரை உணவு கொடுக்கவில்லை, குளிர்ந்த உடம்பில் அது செரிக்காது.

கேட்டவர்:
இரண்டு தெர்மோஸ்டாட்டையும் நீங்கள் சொன்ன வரிசையில் மாட்டி, கெக்கோ இல்லாமல் ஒரு நாள் ஓடவிட்டேன். ஓடு 31க்கும் 33க்கும் இடையிலேயே நின்றது. இரவில் அறை 21க்குக் கீழே போகவில்லை, ஆகையால் செராமிக் ஹீட்டர் இப்போதைக்கு வாங்கவில்லை. நேற்றிரவு கெக்கோ இரண்டு புழுக்களைத் தின்றுவிட்டு நேராகக் குகைக்குள் போனது, இன்னும் வெளியே வரவில்லை. பழைய தெர்மோஸ்டாட்டை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்று வயரை வெட்டி, மின்பொருள் கழிவில் போட்டுவிட்டேன்.