புதுப்பிப்பு: டிவிடி டிரைவ் இல்லாத லேப்டாப்பையே வாங்கிவிட்டேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: டிவிடி டிரைவும், புரொஜெக்டரை இணைக்கும் பழைய விஜிஏ போர்ட்டும் இல்லாத லேப்டாப்பை நம்பி வாங்கலாமா என்று. பாதிப் பேர் "எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்" என்றீர்கள். சரி, வாங்கியாயிற்று.

டிவிடிக்கு யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் போதுமாக இருக்கிறது. முதலில் ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் ஹப் வழியாகச் செருகினேன். தட்டு சுற்றத் தொடங்கும், 'டிக் டிக்' என்று முனகி நின்றுவிடும். மின்சாரம் போதவில்லை. நேராக லேப்டாப்பில் செருகியதும் ஓடியது. அக்காவின் கல்யாண டிவிடி மூன்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். ஒன்றில் மட்டும் முகூர்த்த நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிரைவ் மேல் தப்பில்லை, தட்டின் பளபளப்பே ஓரத்தில் உரிந்திருக்கிறது. வீட்டில் தட்டு வைத்திருப்பவர்கள் சீக்கிரம் நகலெடுத்துவிடுங்கள்.

விஜிஏதான் படுத்தியது. 1987-இல் வந்த அந்த நீல முனை எங்கள் பள்ளி புரொஜெக்டரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டை அதோடு இணைக்க எச்டிஎம்ஐ-விஜிஏ மாற்றி வாங்கினேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. விஜிஏ படத்தை மட்டும்தானே கடத்தும்! ஸ்பீக்கரைத் தனியாக ஹெட்போன் துளையில் மாட்டி, சவுண்ட் செட்டிங்கையும் மாற்றிய பிறகுதான் வகுப்பு நடந்தது.

நான் உண்மையில் ஏங்குவது இன்டர்நெட் கேபிள் செருகும் லேன் போர்ட்டுக்குத்தான்; இதில் அதுவும் இல்லை. அதைப் பற்றி யாருமே எச்சரிக்கவில்லையே?