பெரூஜியாவில் ஒரு நாள்: மலையேற முடியாத அம்மாவோடு போகலாமா?

கேள்வி:
இத்தாலியில் அசிசி வரை போகிறோம், பக்கத்திலேயே பெரூஜியா. சாக்லேட், ஜாஸ் விழா தவிர அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்படி என்ன இருக்கிறது அங்கே? அம்மாவுக்கு மூட்டுவலி, ஏற்றம் ஆகாது.

பதில் 1:
அந்த ஊரில் படித்தவன் சொல்கிறேன், தாராளமாகக் கூட்டிப் போங்கள். பார்த்திசானி சதுக்கத்திலிருந்து மலைமேல் வரை எஸ்கலேட்டர் உண்டு. பார்க்க வேண்டியதே அந்த வழியில்தான் இருக்கிறது.

அப்போது பெரூஜியா போப்பின் ஆட்சியில் இருந்தது. 1540-இல் போப் மூன்றாம் பவுல் உப்பு வரியை ஏற்றினார். ஊர் கட்ட மாட்டேன் என்றது. படை வந்து அடக்கியது. அதோடு விட்டாரா? ஊரில் கொடிகட்டிப் பறந்த பாலியோனி குடும்பத்தின் வீடுகளை இடித்து, மிச்சத்தின் மேலேயே ரோக்கா பவ்லீனா கோட்டையை எழுப்பினார். வெளியிலிருந்து வரும் எதிரிக்காக இல்லை, ஊர்க்காரர்களை மிரட்டி வைக்க. தெருக்களை வளைவுக் கூரை போட்டு மூடிவிட்டதால் சந்து, வாசல், கோபுர அடி எல்லாம் உள்ளே அப்படியே கிடக்கின்றன. 1860-இல் போப் ஆட்சி போனதும் மேலே இருந்த கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அடியில் இருந்த தெரு தப்பித்தது. நான் சொன்ன எஸ்கலேட்டர் ஏறுவது அதற்குள்தான்; இப்போது ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவது அதன் வழியாகத்தான்.

கோட்டையைக் கட்டிய அந்தோனியோ த சங்கல்லோவுக்கும் கொஞ்சம் மனசு இருந்திருக்கிறது. குறுக்கே நின்ற மார்சியா என்ற பழைய நகர வாசலை, ரோமானியருக்கு முன்பு அங்கே வாழ்ந்த எத்ருஸ்கன் மக்கள் காலத்தது, அதைக் கல் கல்லாகப் பிரித்துக் கோட்டைச் சுவரிலேயே பதித்துவிட்டார்.

பதில் 2:
அந்த வரிமேல் இருந்த கோபத்தில்தான் அங்கே ரொட்டிக்கு இன்றும் உப்பு போடுவதில்லையாம். அதையும் சொல்லுங்கள் சார்!

பதில் 1:
நல்ல கதைதான், நம்பத்தான் முடியவில்லை. பக்கத்து டஸ்கனியிலும் உப்பில்லாத ரொட்டிதானே? அங்கே ஃபுளோரன்ஸை அப்போது ஆண்டது மெதிச்சி குடும்பம், போப் இல்லை. போப்பின் வரி அங்கே எப்படிச் செல்லும்?

கேள்வி கேட்டவர்:
எஸ்கலேட்டரில் ஏறிய பிறகு நடை எவ்வளவு?

பதில் 1:
அதிகமில்லை. இத்தாலியா சதுக்கத்தில் வெளியே வருவீர்கள். அங்கிருந்து வன்னூச்சி சாலையில் நேராக நடந்தால் கதீட்ரல், எதிரே ஃபொந்தானா மஜ்ஜோரே. நிக்கோலா பிசானோவும் மகன் ஜொவான்னியும் 1278-இல் முடித்த நீரூற்று. போப்பாண்டவர்களை விட விவசாயிகளுக்குத்தான் அதில் நல்ல இடம்: பன்னிரண்டு மாத வேலையும் செதுக்கியிருக்கிறார்கள், திராட்சை பறிப்பு, பன்றி வெட்டு உட்பட. அதற்கு அப்பால் எத்ருஸ்கன் வளைவுக்குப் போகும் தெரு செங்குத்து இறக்கம். அம்மாவைக் கதீட்ரல் படியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஓடிப்போய் வாருங்கள்.