ஒழுங்கு எழுகோணம்: ஏழாவது வெட்டு ஏன் தொடங்கிய புள்ளியில் விழவில்லை?

கேள்வி:
10 செ.மீ. ஆர வட்டம். ஆர அளவை மாற்றாமல் பரிதியில் ஒரு புள்ளியில் கவராயத்தை ஊன்றி இருபுறமும் வெட்டி, வெட்டுப்புள்ளிகளை இணைத்தேன். அந்தக் கோட்டின் பாதியை எடுத்துப் பரிதியில் ஏழு முறை வெட்டினால், கடைசி வெட்டு 1 மி.மீ.க்கு மேல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. பென்சிலைக் கூராக்கியும் அப்படியேதான். எங்கே பிசகு?

பதில் 1:
வரைந்ததில் பிசகில்லை, முறையே தோராயமானது. அந்தப் பாதி 8.660 செ.மீ.; எழுகோணப் பக்கமோ 8.678. மையக்கோணம் 51.429°-க்குப் பதில் 51.318°. ஏழுக்கும் சேர்த்து 0.775° குறையும், இந்த ஆரத்தில் அது 1.35 மி.மீ. வில். படம் மட்டும் போதுமென்றால், மிஞ்சும் இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு (0.2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு) கவராயத்தை விரித்து மறுபடி சுற்றி வாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
துல்லியமான முறை எது? பக்கம் விகிதமுறா எண் என்பதுதான் தடையா?

பதில் 2:
அது தடையே இல்லை. அலகுச் சதுரத்தின் மூலைவிட்டம் √2தானே! குறியிடாத அளவுகோலும் கவராயமும் தரும் கோடு, வட்டம் இவற்றின் வெட்டுப்புள்ளிகளில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் தவிர வேறெதுவும் கிடைக்காது. அதனால் வரையக்கூடிய நீளத்தைத் தீர்வாகக் கொண்ட, விகிதமுறு கெழுக்களுள்ள சமன்பாடுகளில் மிகச்சிறியதன் படி (மிகப்பெரிய அடுக்கு) 1, 2, 4, 8 என்றே இருக்கும். ஐங்கோணத்தில் 72°-இன் கொசைனை இரட்டித்து அ என்க: அ² + அ − 1 = 0. இருபடி, ஆகவே வரையலாம். எழுகோணத்தில் 360°/7-க்கு அதே அளவு தருவது அ³ + அ² − 2அ − 1 = 0. விகிதமுறு தீர்வு இருந்தால் அது 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க முடியும். 1-ஐப் போட்டால் −1, −1-ஐப் போட்டால் 1. ஆக இது காரணிப்படாது. படி 3-ஐக் குறைக்க வழியில்லை. 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரையலாம் என்று ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் 1796-இல் கண்டார். எழுகோணம் போன்றவை முடியாது என்பதற்கு 1837-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் வான்ட்செல் நிரூபணம் தந்தார். யாருக்கும் இன்னும் வழி தெரியவில்லை என்பதல்ல, வழியே கிடையாது.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை: படி 4 என்றாலே வரையலாம் என்று முடிவு கட்டாதீர்கள். வரைய முடியாத நாற்படித் தீர்வுகளும் உண்டு. மேலும், தடை கருவியைப் பொறுத்தது. அளவுகோலில் இரண்டு குறியிட்டு நகர்த்த அனுமதித்தால் எழுகோணம் துல்லியமாகவே வரும். காகித மடிப்பிலும் வரும், அது முப்படியைத் தீர்க்கும். ஒன்பது பக்கத்துக்கும் இதே நிலைதான். வெறும் கவராயத்தோடு மெனக்கெட வேண்டாம்.