36ஆவது அம்புக்குப் பிறகு கை நடுங்குகிறது: கூடுதல் எடை வில்லுக்கு மாறலாமா?

வேளச்சேரிவாசி கேட்கிறார்:

வணக்கம். எனக்கு வயது 37, உயரம் ஆறடி, பகல் முழுவதும் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த, ஒலிம்பிக்கில் பார்க்கும் வில்) பயிற்சி தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் மூன்று நாள் காலையில் 30 மீட்டர் தூரத்தில் எய்கிறேன். என் வில்லின் லிம்பில் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) 24 பவுண்டு என்று அச்சிடப்பட்டுள்ளது. முதல் முப்பது அம்புகள் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 36ஆவது அம்பை நெருங்கும்போது வில் பிடித்த இடக்கை நடுங்கத் தொடங்கி, குறி பார்க்கும் சைட் முனை இலக்கின் நடுவே உள்ள மஞ்சள் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் பிறகு எய்யும் அம்புகள் எல்லாம் இலக்கின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடுகின்றன. இடத் தோளின் முன்பக்கத்தில் இலேசான வலியும் இருக்கிறது.

ஜிம்முக்கும் போகிறேன், பெஞ்ச் பிரஸில் 60 கிலோ தூக்குகிறேன். அப்படியிருக்க, 11 கிலோவுக்கும் குறைவான இழுவை உள்ள ஒரு வில் என்னை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறது என்று விளங்கவில்லை. 30 பவுண்டு லிம்புக்கு மாறினால் உடல் தானாகப் பழகிவிடுமா? என்னோடு பயிலும் கல்லூரி மாணவர் 34 பவுண்டை அநாயாசமாக இழுப்பதைப் பார்த்து வந்த ஆசையும் இந்தக் கேள்வியில் கலந்திருப்பதை நான் மறைக்கவில்லை.

நாணொலி (பெரம்பூர்) எழுதுகிறார்:

தம்பி, லிம்ப் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முழுவதுமாக இழுத்து நாண் முகவாயில் பொருந்தி நிற்கும்போது, அம்பு வில்லைக் கடக்கும் இடத்தில், அம்பின் மேல் வேறொருவரை ஓர் அடையாளம் இடச் சொல்லுங்கள். பிறகு கொக்கியை நாணில் மாட்டி, அந்த அடையாளம் வில்லுக்கு வரும் வரை இழுத்துத் தராசு காட்டும் எடையைப் பாருங்கள். லிம்பில் அச்சிட்டிருக்கும் எடை 28 அங்குல இழுப்புக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 2 பவுண்டு கூடும். ஆறடி உயரம் என்கிறீர்கள், ஆகவே உங்கள் விரல்களில் இறங்கும் எடை 24 பவுண்டாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து, உங்கள் 60 கிலோ. பெஞ்ச் பிரஸ் என்பது மார்பால் முன்னோக்கித் தள்ளும் வேலை. வில்லில் இடக்கை முன்னே தள்ளுவது உண்மைதான் என்றாலும், நாணைப் பின்னே கொண்டுவந்து நிறுத்திவைப்பது இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள முதுகுத் தசைகள். அவை சோர்ந்ததும் முன்கையும் புயமும் அந்தச் சுமையை வாங்கிக்கொள்கின்றன. புயத்தால் அதை நெடுநேரம் தாங்க முடியாது, நடுக்கம் வந்துவிடுகிறது. ஜிம்மில் எடையைத் தூக்கியதும் இறக்கிவிடலாம். ரிகர்வ் வில்லிலோ முழு இழுப்பில்தான் சுமை உச்சம், அந்த உச்சத்தில் அசையாமல் நின்றுதான் குறி பார்க்க வேண்டும். இழுப்பதற்கு ஒரு பலம் வேண்டும், தாங்குவதற்கு வேறொரு பலம் வேண்டும். உங்களிடம் குறைவது இரண்டாவது.

அதற்கு வில்லையே கருவியாக்கிக்கொள்ளலாம். அம்பு பூட்டாமல், கண்ணாடி முன் நின்று முழுவதுமாக இழுத்து 15 விநாடி தாங்குங்கள். பிறகு நாணை விடாமல் மெதுவாக முன்னே கொண்டுவந்து 30 விநாடி ஓய்வெடுங்கள். இப்படி ஆறு முறை. 15 விநாடி எளிதான பிறகு 20, அதன் பிறகு 30. ஓய்வு எப்போதும் தாங்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு. கண்ணாடியில் பார்க்க வேண்டியது இடத் தோளை மட்டும்: அது காதை நோக்கி ஏறத் தொடங்கினால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது, எண்ணிக்கைக்காக இன்னொரு முறை இழுக்காதீர்கள். அம்பு இல்லாத நாணை மறந்தும் விட்டுவிடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பி அதைப் பிளந்துவிடக்கூடும். மொட்டை மாடியில் செய்வதானாலும் அம்பை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள். பக்கத்து மாடியில் வடாம் காயப்போட வருபவரை நினைத்தாவது.

இதையெல்லாம் நான் தினமும் செய்து பழகியவள். தினமும் செய்வதே நல்லது என்பது என் கருத்து.

குரோம்பேட்டை 44 எழுதுகிறார்:

இத்தனை பாடு எதற்கு? காம்பவுண்ட் வில்லுக்கு மாறிவிடுங்கள். அதில் கப்பிகள் சுமையைக் குறைத்துவிடும். 50 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு தளர்வு என்றால் முழு இழுப்பில் கையில் நிற்பது 10 பவுண்டுதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையரும் சேர்ந்துவிட்டது.

நாணொலி எழுதுகிறார்:

நிற்பது 10 பவுண்டுதான், மறுக்கவில்லை. அங்கே போய்ச் சேர வழியில் 50 பவுண்டையும் கடந்தாக வேண்டுமே. தோள் வலியோடு இருப்பவருக்கு இது தீர்வாகாது.

சீரகக்கஷாயம் (பிசியோதெரபிஸ்ட், அண்ணா நகர்) எழுதுகிறார்:

தோள் வலியைப் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன். மறுநாள் காலையில் முதுகின் நடுவே, தோள்பட்டை எலும்புகளின் ஓரத்தில் கனமாக இருந்தால் அது சோர்வு. இரண்டு நாளில் போய்விடும், அஞ்ச வேண்டாம். தோளின் முன்பக்கத்திலோ மேல் முனையிலோ கையை உயர்த்தும்போது சுருக்கென்று குத்தினால், இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் போனால், விரல்களில் மரமரப்பு வந்தால், அது சோர்வின் கணக்கில் சேராது. வில்லைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். உங்கள் வலி இலேசானது என்கிறீர்கள். கணினி முன் கூன் போட்டு அமர்ந்து மார்புத் தசை இறுகிப்போன ஒருவர், அதே மார்பை மட்டும் ஜிம்மில் மேலும் வளர்த்துக்கொண்டு, சோர்ந்த பிறகு தோளைக் காதுவரை ஏற்றி வில் பிடித்தால், தோள் மூட்டின் மேல்பகுதியில் தசைநார் உராய்ந்து நசுங்குவதற்கு இடம் ஏற்பட்டுவிடுகிறது.

ஆகவே பெஞ்ச் பிரஸைச் சில வாரங்கள் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தை ரோயிங்குக்கு (எடையைத் தன் பக்கம் இழுக்கும் பயிற்சி) கொடுங்கள். ரப்பர் பேண்டைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பும் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் மூட்டைக் குழிக்குள் நிலைநிறுத்தும் சிறு தசைகளுக்கு அதைவிட நல்லதை நான் கண்டதில்லை. பேண்டு மெல்லியதாக இருக்கட்டும். 15 முறை, மூன்று சுற்று. சுவரில் கை ஊன்றி, முழங்கையை மடக்காமல் தோள்பட்டை எலும்புகளை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒரே பக்கமாக இழுத்து இழுத்து உடல் கோணிப்போன வில்லாளிகள் என்னிடம் வருவதுண்டு.

நாணொலி அம்மா சொன்ன தாங்கும் பயிற்சி அருமையானது. ஆனால் தினமும் வேண்டாம். அவருக்கு இருப்பது பல ஆண்டுகள் பழகிய தசைநார். ஏழு மாதத்துக்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும், எய்யும் நாளில் அதையும் செய்ய வேண்டாம்.

நாணொலி எழுதுகிறார்:

சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றே வைத்துக்கொள்வோம். இதில் உங்கள் சொல்லுக்கே மதிப்பு.

தம்பி, தாக்குப்பிடிக்கும் திறனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் ரிகர்வ் தகுதிச் சுற்றில் 70 மீட்டருக்கு 72 அம்புகள். ஆறாறு அம்பாகப் பன்னிரண்டு முறை. வில் 40 பவுண்டு என்று கொண்டால் ஓர் அம்புக்கு 18 கிலோ, 72 அம்புக்கு ஏறத்தாழ 1,300 கிலோ. அம்பு பிடுங்கப் போய்த் திரும்பும் நடை மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல், அதுவும் வெயிலில். வல்வில் ஓரி ஓர் அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தினான் என்று படித்த நமக்கு முதல் அம்பின் மீதுதான் மயக்கம். போட்டியைத் தீர்மானிப்பது எழுபதாவது அம்பு. எனவே எய்யும் எண்ணிக்கையை வாரத்துக்கு நாலைந்து அம்புக்கு மேல் கூட்டாதீர்கள். கை நடுங்கத் தொடங்கியதும் தூரத்தை விட்டுவிட்டு ஐந்து மீட்டருக்கு வந்து, இலக்குத் தாள் ஒட்டாத, அம்பு தைக்கும் மெத்தையில் கண்ணை மூடிக்கொண்டு எய்யுங்கள்; புள்ளியைப் பற்றிய கவலை இல்லாதபோது முதுகு வேலை செய்வதை உணர முடியும்.

கால்களையும் மறக்க வேண்டாம். எலியட்ஸ் கடற்கரையில் விடியற்காலையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே போதும், ஓட வேண்டும் என்பதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் ஏழரை மணிக்குள் முடித்துவிட்டு, உப்புப் போட்ட மோர் குடியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீரும் உப்பும் போவதாலும் தசை பிடித்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் மைதானம் குளமாகும்போது தாங்கும் பயிற்சியும் ரப்பர் பேண்டும் வீட்டுக்குள் உங்களைக் காப்பாற்றும்.

வேளச்சேரிவாசி எழுதுகிறார் (ஏழு வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் நன்றி. தராசு 12.8 கிலோ காட்டியது. அதாவது நான் 24 என்று நம்பிக்கொண்டிருந்த வில்லில் 28 பவுண்டு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். 30 வாங்கியிருந்தால் விரலில் 34 வந்திருக்கும்.

முதல் வாரத்தில் 15 விநாடி கூட என்னால் முழுதாகத் தாங்க முடியவில்லை. ஒன்பதாவது விநாடியில் தோள் ஏறிவிட்டது. என் மனைவி பின்னால் நின்று தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இரண்டு விரலை வைத்து, "இதைப் பிடி" என்று சொன்ன பிறகுதான் எந்தத் தசையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதே எனக்குப் புரிந்தது. இப்போது 25 விநாடி தாங்குகிறேன். தோள் வலி நின்றுவிட்டது. நேற்று 60 அம்புகள் எய்தேன். 54 வரை நடுக்கம் இல்லை. கடைசி ஆறும் இறங்கின, அதில் இரண்டு வியர்வையில் நாண் விரலை விட்டு வழுக்கியதால். இப்போதாவது லிம்ப் வாங்கலாமா அக்கா?

நாணொலி எழுதுகிறார்:

54ஆவது அம்பு 72ஆவதாகட்டும். அதுவும் ஒரே நாளில் இல்லாமல், தொடர்ந்து மூன்று பயிற்சி நாட்களில். அதன் பிறகு 26, அதற்கு மேல் இப்போது வேண்டாம். லிம்புக்கென்று எடுத்துவைத்த பணத்தில் தோல் நல்லதாக உள்ள ஒரு ஃபிங்கர் டேப் (நாணை இழுக்கும் விரல்களுக்குக் காப்பு) வாங்கி, ஆறு அம்புக்கு ஒரு முறை அதைத் துடைத்துக்கொள்ளுங்கள்.